ஷிப்டு வந்த பிறகு கிளம்பலாம்

குழந்தைவேலு இரண்டாவது தரம் ஆரன் அடித்துவிட்டான். அடிக்கட்டும். கட்டில், பீரோ, அண்டா, தையல் மிஷின் எல்லாம் டெம்போவில் ஏறிக் கயிறும் கட்டியாகிவிட்டது, ஏறாமல் நிற்பது நானும் பூனையும்தான், அதில் பூனையைக் காணோம். காலையில் முதல் பாத்திரம் சாக்குக்குள் விழுந்து சத்தம் போட்டதுமே ஓட்டின்மேல் தாவிப் போனது, இப்போது மணி பத்தே முக்கால். இன்றைக்குப் புதன்கிழமை, பன்னிரண்டுக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் ஒண்டிப்புதூரில் என்கூட மில்லில் நின்ற ராஜாமணி எனக்கு விட்டிருக்கிற அறையில் பால் காய்ச்சியாக வேண்டும். நான் கிண்ணத்தில் நெத்திலிக் கருவாட்டை வைத்துக்கொண்டு, ஷிப்டு, ஷிப்டூ என்று கூப்பிட்டபடி மில் லைனில் நடக்கிறேன். மில்லை மூடி ஆறு வருசமாகிறது. லைனில் பதினான்கு வீடு, பதின்மூன்று குடும்பம் போய்விட்டது, கடைசி ஆள் நான். திங்கட்கிழமை மிஷின் வந்து எல்லாவற்றையும் இடிக்கப் போகிறது. மில் ஓடின காலத்தில் பகல் இரண்டரைக்குச் சங்கு ஊதினால் இந்தப் பூனை டாண் என்று வாசலில் வந்து உட்காரும், அதனால்தான் என் வீட்டுக்காரர் அதற்கு ஷிப்டு என்று பேர் வைத்தார். சங்கு நின்ற பிறகும் அதே இரண்டரைக்கு வந்தது. இவளுக்குள்ளயே ஒரு சங்கு ஊதுது துளசாத்தா என்று சிரிப்பார், சிரிப்பு இருமலாகி, இருமல் வெகுநேரம் நிற்காது. "அக்கா, ஒரு பூனைக்காக இத்தன நேரமுங்களா? பூனை வூட்டுக்குச் சொந்தமுங்க, ஆளுக்குச் சொந்தமில்ல" என்று குழந்தைவேலு டெம்போவில் சாய்ந்துகொண்டு கத்துகிறான். வூடே இருக்கப் போறதில்லையே குழந்தவேலு என்றேன். "அப்ப அது இடிச்ச கல்லுக்குச் சொந்தமுங்க. சித்த இருங்க, எங்கிட்ட ஒரு சாக்கு இருக்குது. ஆப்டுச்சுன்னா உள்ள போட்டு மூணு சுத்து சுத்திரலாம், திசை மறந்துரும், அப்பறம் திரும்பி வராது." சுத்துவான், சுத்துவான், அவனை யாராவது சாக்கில் போட்டுச் சுத்தினால் தெரியும்.

ஆள் போன வீட்டுக்குள் தலையை நீட்டினால் முதலில் காதில்தான் படுகிறது. இருபத்தெட்டு வருசம் நூல் சுற்றுகிற வைண்டிங்கில் நின்றவள் நான், அந்த இரைச்சலுக்குள் ஏதோ ஒரு கோனில் நூல் அறுந்தால் அந்த ஒன்று மட்டும் எனக்குத் தனியாகக் கேட்கும். அந்தக் காதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஐந்தாம் வீட்டில் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், உள்ளே காலண்டர் தொங்கின இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக இருக்கிறது, ஆணியில் காற்றுப் படுகிற சத்தம், வேறொன்றுமில்லை. ஏழாம் வீட்டில் அடுப்புத் திட்டின்மேல் இரண்டு பூனை, என் பூனை இல்லை, போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை. என் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி என் தோளுக்கு மேலே பார்க்கின்றன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் ஒன்றும் இருக்காது என்று தெரியும், ஒன்றும் இல்லாததைப் பார்க்கத்தான் பயம். ஷிப்டூ. சாந்தாமணி போன மாதம் வந்து இதே வாசலில் உட்கார்ந்து அழுதாள். என் ஒரே மகள், சரவணம்பட்டியில் சொந்தமாக பிளாட் வாங்கி நாலாவது மாடியில் இருக்கிறாள், எனக்கென்று ஒரு அறை, ஜன்னலுக்கு நேரே தூரத்தில் மருதமலைகூடத் தெரியும் என்பாள். "ஒரு பூனைக்காகப் போயி அடுத்தவங்க வூட்டுப் பின்னால தகரக் கொட்டாய்ல இருக்கப் போறியாம்மா? சனம் என்னையல்ல காறித் துப்பும்?" ராஜாமணி என்ன அடுத்தவளா, அவளும் நானும் ஒரே டிபார்ட்மெண்ட் என்றேன். "பெத்த மகள விடவா?" அசோசியேசன்காரங்க பூனை கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்கறாங்கன்னு நீதான சொன்ன, அது என்னைய நம்பி இருக்குது, அத விட்டுப்போட்டு என்னால வர முடியாது அம்மிணி. இந்தப் பேச்சு என் வாயிலிருந்து எவ்வளவு சுத்தமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அறுபத்துமூன்று வயதில் பூனைக்காக மகளை வேண்டாம் என்கிற பைத்தியக்காரி. அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன், அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும், பூனை என்றால் கோபித்துக்கொள்வாள், வேறொன்றைச் சொன்னால் உடைந்துபோவாள். எட்டாம் வீட்டிலும் இல்லை.

அந்த லிப்டைத்தான் சொல்ல முடியவில்லை. அவள் பிளாட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, மாப்பிள்ளை தங்கமான மனுசன், குழாயைத் திருகினால் சுடுதண்ணி வரும், ஆனால் வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் அந்தப் பெட்டி இருக்கிறது. நாலு மாடிப் படியேற என் முழங்காலில் சீவனில்லை. பதினோரு மாதம் முந்தி, ஆடியில், பஞ்சு போய் அடைத்த நெஞ்சு இனி ஆகாது என்று தெரிந்து, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரரை அங்கே வைத்திருந்தோம், ஒரு விடிகாலையில் சாந்தாமணி மடியில் தலை வைத்தபடியே போய்விட்டார். காரியமெல்லாம் லைன் வீட்டில்தான், தாயாதி பங்காளி எல்லாரும் இங்கேதான் வருவார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றோம். ஆம்புலன்சு கீழே வந்து நின்றது. ஸ்ட்ரெச்சர் லிப்டுக்குள் போகவில்லை, படியில் வளைவு சின்னது, படுக்க வைத்துத் திருப்ப முடியாது என்றார்கள். அரைக்கால் டவுசர் போட்ட ஒரு அசோசியேசன்காரர் வந்து, பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போற நேரமுங்க, பயந்துக்குவாங்க, கொஞ்சம் சீக்கிரம் பாருங்க என்று மரியாதையாகத்தான் சொன்னார். மாப்பிள்ளை பால்கனியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். அவரை அதில் உட்கார வைத்து, நெஞ்சோடு துண்டால் கட்டினோம், காலை வேட்டியால் கட்டினோம், வாய்க்கட்டு தெரியாமல் இருக்கக் குல்லாவை மாட்டிவிட்டோம். நான் பின்னால் நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டேன், சாந்தாமணி பட்டனை அமுக்கினாள். எதிரில் முழுக்கக் கண்ணாடி. உயிரோடு இருந்தபோது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போட்டோ எடுத்ததில்லை. இரண்டாவது மாடியில் லிப்ட் நின்று கதவு திறந்தது. யூனிபாரம் போட்டு, முதுகில் பை மாட்டி ஒரு குழந்தை, கூட அதன் அம்மா. அந்தப் பொம்பளைக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள். குழந்தை மட்டும், தாத்தா எங்க போறாங்க என்று கேட்டது. ஆஸ்பத்திரிக்குச் சாமி, என்றேன். நான்தான் சொன்னேன். அவர் காதுக்கு ஒரு சாண் மேலே நின்றுகொண்டு சொன்னேன். சீக்கிரம் வந்துருங்க தாத்தா, என்று அது கையை ஆட்டியது. கதவு மூடியது.

அவர் ஒரு இடத்தில் இரு என்றால் இருக்கிற மனுசன். கல்யாணமான புதிதில் பேரூர்த் தேருக்குப் போனோம், இங்கயே நில்லுங்க வளையல் பாத்துட்டு வாரேன் என்று போனவள் சொந்தக்காரியைப் பார்த்துப் பேசிக்கொண்டு, அப்படியே அவளோடு பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டேன், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அதே இடத்தில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நீதான நிக்கச் சொன்ன, காலு வலிச்சுது, அதனால உக்காந்துட்டேன், அதுக்குக் கோவிச்சுக்காத என்றார். அப்படிப்பட்டவரிடம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சொன்னால் அவர் என்ன செய்வார். இங்கே லைனிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது பாதி வழியில் பாடையை இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி, திருப்பித் தூக்கினார்கள். அது எங்கள் வழக்கம், வீட்டுக்கு வருகிற வழி மறந்துபோகட்டும் என்று செய்வது. சுத்தமாக மறந்துதான் போனார். பதினோரு மாதமாக அவர் சாகும்போது போர்த்தியிருந்த துணியை விரித்து அதே வீட்டில் தனியாகப் படுத்திருக்கிறேன், ஒரு கனவு இல்லை, ஒரு இருமல் இல்லை, பாத்திரம் உருளக்கூட இல்லை. அதுதான் பயம். திருப்பிவிட்டது இந்த வீட்டு வழியைத்தானே, அந்த லிப்டு வழியை யார் திருப்பினார்கள். அங்கே ஒருத்தரும் இறக்கி வைக்கவில்லை, தலைமாடு மாற்றவில்லை, உட்கார வைத்த மேனிக்கே கொண்டுபோனோம். வழி மறக்காத ஒரே இடம் அது. ஏறுவார், இறங்குவார், கதவு திறக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரி வந்துவிட்டதா என்று பார்ப்பார், யாரோ பால் பாக்கெட்டோடு ஏறுவார்கள், நாய்ச் சங்கிலியோடு ஏறுவார்கள், அவர் மடியில் கையை வைத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்வார். கார்த்திகைக்குச் சாந்தாமணியைப் பார்க்கப் பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கீழே வாட்ச்மேன் பட்டனை அமுக்கிவிட்டார், கதவு திறந்தது, கண்ணாடிக்குள் நான் மட்டும் நிற்கிறேன், ஆனால் நடுவில் நிற்கவில்லை, ஒரு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம் விட்டு ஓரமாக நிற்கிறேன். அந்த இடத்தைப் பார்த்ததும் என் கால் உள்ளே போகவில்லை. பலகாரத்தை வாட்ச்மேனிடமே கொடுத்துவிட்டு, தெருவுக்கு வந்து போன் பண்ணி, பூனைய உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன் அம்மிணி, நான் போவோணும் என்றேன். பூனையைப் பிடித்துக்கொண்டு நான் பேசின முதல் பொய் அதுதான். அதற்குப் பிறகு எத்தனையோ.

பூனை மட்டும் பொய்யில்லை. எனக்கு அது வேண்டும், ராத்திரி காலடியில் ஒரு சூடு வேண்டும். ஆனால் வேண்டும் என்பது ஒன்று, அதை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு, இந்தப் பத்து நாளாக எனக்கே இரண்டும் கலந்துபோய்விட்டது. ராஜாமணி அறையில் தகரம் வெயிலுக்குக் கொதிக்கும், மழைக்குப் பேச்சுக் கேட்காது, கக்கூசுக்கு முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் தரையோடு தரை. வாசலில் கால் வைத்தால் வீடு. "உன்ற பூனை எலி புடிக்குமா, இல்ல உன்னைய மாதிரி ரேசன் அரிசி திங்குமா?" என்று ராஜாமணி கேட்டாள், உன்னைய மாதிரி வாயாடாது, அது போதும் என்றேன். ஷிப்டூ, ஷிப்டு. பதினோராம் வீடு. இங்கே கூரை ஓடுகளையும் எடுத்துவிட்டார்கள், தரையில் வெயில் சட்டம் சட்டமாக விழுந்து கிடக்கிறது. பூனை வராமலே போனால்? வராவிட்டால் நான் எதற்காக ஒண்டிப்புதூருக்குப் போகிறேன் என்று சாந்தாமணி கேட்பாளே. பூனைதான் இல்லையே இனி என்ன என்பாளே. அப்போது சொல்ல என் கையில் என்ன இருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நேரமாக நான் தேடுவது பூனையையா, சாக்கையா, சீ, என்ன பொம்பளை நான் என்று கிண்ணத்தைப் பிடித்தபடி நிற்கும்போது இடுப்பில் போன் அடித்தது.

சாந்தாமணிதான். "அம்மா, கெளம்பிட்டியா? கெளம்பிருந்தா டெம்போவ இங்க திருப்பச் சொல்லு. லெட்டர் வாங்கிட்டேன்." என்ன லெட்டர். "பூனைக்குத்தான். அசோசியேசன் செகரட்டரி கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, வெளிய மட்டும் வுடக்கூடாதாம். பதினஞ்சு நாளா அந்த மனுசன் பின்னால அலஞ்சிருக்கறேன்மா. அது வெளிக்குப் போறதுக்குத் தட்டு, மண்ணு எல்லாம் வாங்கி வெச்சாச்சு. ஷிப்டம்மா வந்தா நேரா உள்ள வர வேண்டியதுதான்." அவள் குரலில் இருந்த சந்தோசத்தைக் கேட்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்கு வாங்கின நாளில் அப்படிப் பேசினவள். பூனையக் காணோம் கண்ணு என்றேன். உண்மைதானே. காலம்பறலிருந்து தேடறேன், எங்க போச்சோ தெரியல. "வந்துரும்மா, நல்லாக் கூப்புடு." அப்போதுதான், ஓடில்லாத சட்டத்தின்மேல் வாலைத் தூக்கிக்கொண்டு அது நடந்து வந்தது. இரண்டரைக்கு வருகிற பூனை, பதினொன்றே கால் மணிக்கு. சட்டத்திலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து என் காலுக்குப் பக்கத்தில் தொப்பென்று குதித்து, கருவாட்டை முகர்ந்து, தலையைத் தூக்கி நீளமாக ஒரு கத்துக் கத்தியது. "அதா கத்துது பாரு!" என்று போனில் சிரிக்கிறாள் சாந்தாமணி. "அவ்வளவுதான், தூக்கிட்டு வா." பின்னால் குழந்தைவேலுவும் பார்த்துவிட்டான். "வந்துருச்சுங்களா மகாராணி? ஏறுங்கக்கா, நேரமாச்சு. வண்டி எங்கீங்க, ஒண்டிப்புதூர்தானுங்களே?" போனில் மகள், வாசலில் அவன், காலடியில் பூனை, இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். பூனையை இடுக்கிக்கொண்டேன், அதன் நெஞ்சு என் கைக்குள் படபடவென்று அடிக்கிறது, இல்லை, அது என்னுடையது.

"என்னம்மா பேச மாட்டேங்கற?" என்றாள். "வர மாட்டியா? பூனையும் ஆச்சு. இன்னும் என்ன? எம்மேல என்ன கோவம் உனக்கு? அப்பாவ நான் சரியாப் பாத்துக்கலைன்னு நெனைக்கறியா? அதையாச்சும் சொல்லு, திட்டவாச்சும் செய்யி." அடிப்பாவி, இதையா நினைத்துக்கொண்டிருந்தாய் இத்தனை நாளும். நான் உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், நீ அதற்குள் இப்படி ஒரு பள்ளம் தோண்டி உட்கார்ந்திருக்கிறாய். கோவமில்ல கண்ணு, என்றேன். லிப்டு. "லிப்டா?" அதுல என்னால ஏற முடியாது அம்மிணி. அங்க அவரு இருக்கறாரு. சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று தெரிந்தது. போன் அறுந்துவிட்டதோ என்று காதை அழுத்திக்கொண்டேன், அறுபடவில்லை, அவள் மூச்சு கேட்கிறது, அடைத்து அடைத்து வருகிறது, அதற்குப் பின்னால் ஒரு பேன் சுற்றுகிற சத்தம், எங்கோ குக்கர் விசில். அழுகிறாளா, பயந்துவிட்டாளா, கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்கிறாளா. பிறகு ரொம்பச் சின்னதாக, "நானும் ஏறறதில்லம்மா" என்றாள். என்ன சொல்ற? "அன்னிக்கிருந்து படியிலதான். காய்கறி, தண்ணிக் கேனு, எல்லாம் படியிலதான் தூக்கறேன். உன்ற மாப்பிள்ள கேட்டா ஒடம்பக் கொறைக்கறேன்னு சொல்லியிருக்கறேன். மூணாவது மாடி வளைவுல நின்னு மூச்சு வாங்கிட்டு அப்பறம் ஏறுவேன். அந்தப் பட்டன அமுக்க வெரலு போக மாட்டேங்குதும்மா."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பூனை கையிலிருந்து நழுவி மடியில் ஏறியது. பதினோரு மாதம் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் அதே மனுசனுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றிருக்கிறோம். அப்பறம் எதுக்குடி என்னைய அங்க வரச் சொல்லி இந்தப் பாடு படுத்துன, என்று கேட்டேன், கோபமாகத்தான் வந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். "நீ கூட இருந்தா ஏறிருவேன்னு நெனச்சேன்." சின்ன வயதில் கிணற்றடிக்கும் இருட்டுக்கும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள், என் முந்தானைக்கு மட்டும் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு. குழந்தைவேலு பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, ஆரனைப் பற்றியோ நேரத்தைப் பற்றியோ ஒன்றும் சொல்லாமல், "ஏனுங்கக்கா, ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?" என்றான். இல்ல சாமி, வண்டி ஒண்டிப்புதூருக்குத்தான் போகுது, ஒரு அஞ்சு நிமிசம் பொறு என்றேன். போனில் சொன்னேன், சாந்தாமணி, நான் அங்க வரல. இப்போதைக்கு வரல. நீ இங்க வா. பன்னண்டுக்குள்ள பாலு காய்ச்சோணும், ராஜாமணி வூட்டுக்கு ஒரு ஆட்டோப் புடிச்சு வா. "இப்பவா? அடுப்புல சோறு இருக்குதும்மா." அடுப்ப அணைச்சுட்டு வா. "அப்பறம்?" அப்பறத்த அங்க உக்காந்து பேசிக்கலாம், ஒன்னய அந்த வூட்டுல வெச்சுட்டு நான் ஒருத்தி மட்டும் தரையில தப்பிச்சு உக்காந்திருக்க மாட்டேன், மாப்பிள்ளகிட்டயும் நானே பேசறேன், மொதல்ல நீ எறங்கு. போன வெக்காத, காதுல வெச்சுக்கிட்டே எறங்கு, நான் கேட்டுக்கிட்டே இருக்கறேன்.

அடுப்புத் திருகுகிற சத்தம் கேட்டது. பீரோ, வளையல், சாவிக்கொத்து. கதவு சாத்துகிறாள், பூட்டுகிறாள், இழுத்துப் பார்க்கிறாள். பிறகு செருப்பு, ஒரு படி, ஒரு படி, ஒரு படி, வளைவு. கையைப் பூனையின் முதுகில் வைத்தபடி நான் எண்ணிக்கொண்டே வருகிறேன். மூணாவது மாடி. அவள் மூச்சு வாங்க நிற்கவில்லை. அடுத்த வளைவு. இரண்டாவது மாடிக்கு வந்திருப்பாள், அப்போது பக்கத்தில் எங்கோ டிங் என்று மெல்லிசாக ஒரு மணி, ஒரு கதவு தானாகத் திறக்கிற சத்தம். செருப்பு நின்றுவிட்டது. "அம்மா." யாரு கண்ணு? "யாருமில்ல. யாரும் அமுக்கவும் இல்ல. சும்மாதான் தொறந்து நிக்குது." அந்தப் பக்கம் பாக்காத, என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. பாரு, என்றேன். நல்லாப் பாத்துட்டு, அப்பாகிட்ட நான் அம்மாகிட்டப் போயிட்டு வாரேன்னு சொல்லிட்டு எறங்கு. பிறகு அவள், என்னிடம் பேசுகிற குரலில் இல்லை, சின்ன வயசுக் குரலில், "போயிட்டு வாரேனுங்கப்பா" என்றாள். கதவு மூடுகிற சத்தம் எனக்கும் கேட்டது. அதற்கப்புறம் செருப்பு, ஒரு படி, ஒரு படி.